காருக்குள் ஒரு வாடை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சென்ற மாதம் காரியதரிசி அவர்கள் எங்கள் இல்லத்திற்கு வந்து, "இலக்கியம் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் குடும்பத்தாருக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள்" என்று பணித்தார். குடும்பத்திற்குப் பயன்படுவது எது என்று பல நாள் எண்ணினோம். நம் காலனியில் இன்று மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டு வாசலிலாவது கார் நிற்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை வேறொருவர் பல்லாண்டு ஓட்டிவிட்டு நம்மிடம் தள்ளிவிட்டவை. எங்களுடையதும் அத்தகையதே. ஆகவே காருக்குள் எழும் வாடையைப் பற்றிப் பேசுவதென்று துணிந்தோம். சிரிக்க வேண்டாம். அந்த வாடையால் எங்கள் இல்லத்தில் ஓர் உயிருக்கே ஊறு நேர இருந்தது. அதை இறுதியில் கூறுவோம்.

முதலில் மூக்கைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பார்சல் ஆபீசில் இருபதாண்டு அமர்ந்தவர்களுக்கு மூக்குத்தான் முதல் குமாஸ்தா. கூடையைத் திறவாமலே இது மாம்பழம், இது மஹோபா வெற்றிலை, இது இரண்டு நாள் தாமதித்த மீன் என்று சொல்லிவிடலாம். இரயில்வேயில் இது வேடிக்கையன்று. நிலையத்தைக் கடந்து செல்லும் வண்டியை நிலைய ஊழியர்கள் நின்று நோக்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். புகை தெரிகிறதா, தீப்பொறி பறக்கிறதா, பிரேக் பிடித்தபடியே சக்கரம் உராய்ந்து கருகல் வாடை வருகிறதா என்று கவனிப்பது அவர்களுடைய கடமை. இருளிலே கண்ணுக்கு எட்டாதது மூக்குக்கு எட்டிய நாட்கள் உண்டு.

ஆனால் மூக்குக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது விரைவில் பழகிப் போகும். எந்த வாடையாயினும் சில நிமிடங்கள் அதனுள்ளேயே இருந்தால் நமக்குத் தெரியாமற் போகிறது. நாள்தோறும் அந்தக் காரை ஓட்டுகிறவர், "ஒரு வாடையும் இல்லையே" என்று சத்தியம் செய்வார். அவர் பொய் கூறவில்லை. அவர் மூக்கு ஓய்ந்துவிட்டது. ஆகையால் வாடையை ஆராய விரும்புகிறவர்கள், இரவெல்லாம் மூடிக் கிடந்த காரின் கதவைக் காலையில் திறக்கும் அந்த முதற் கணத்தையே நம்ப வேண்டும். அல்லது அந்தக் காரில் பழகாத ஒருவரை அழைத்து முகரச் செய்ய வேண்டும். அண்டை வீட்டார் இதற்கு உகந்தவர்கள். நம் வீட்டு வாடையை நம்மைவிட அவர்களே நன்கறிவார்கள்.

இரண்டாவதாக, வாடைக்குப் பெயரிட வேண்டும். இங்கேதான் நம் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. வாசனை, மணம், நாற்றம் என்னும் பொதுச் சொற்களை விடுங்கள். புளிப்பு, ஊசல், காறல், கருகல், பொசுங்கல், மக்கல், கவிச்சி, முடை, கமறல் என்று நம் பாட்டிமார்கள் எத்தனை சொற்களை வைத்திருந்தார்கள்! ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தைச் சுட்டுவது. காறல் என்றால் எண்ணெய் கெட்டது. மக்கல் என்றால் ஈரம் நின்றது. பொசுங்கல் என்றால் துணியோ மயிரோ தீயில் பட்டது. நாங்கள் முதன்முதல் காரைப் பட்டறைக்குக் கொண்டு சென்றபோது, மெக்கானிக்கிடம் ஹிந்தியில் "பத்பூ" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் எங்களுக்கு வாய்க்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, குளிர்சாதனத்திற்கு வாயு நிரப்பி, எலுமிச்சை வாசனையுள்ள ஒரு புட்டியையும் முன்கண்ணாடி அருகில் வைத்து, அதற்கும் இதற்குமாகப் பெருந்தொகை வாங்கிக்கொண்டார். வாடை அப்படியே இருந்தது, எலுமிச்சையும் சேர்ந்துகொண்டது. நோயின் மூலத்தை நாடாமல் மருந்து கொடுப்பது பற்றி வள்ளுவர் கருத்தை இந்த அவையில் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எங்கள் காரின் வரலாறு. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் அதை வாங்கினோம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாடைகள் எங்களை வருத்தின.

முதல் வாடை புளிப்பு. இதன் காரணத்தைக் கூற எங்கள் இல்லத்தாருக்கு விருப்பமில்லை, ஆயினும் கூறுகிறோம். தீபாவளிக்கு மறுநாள் நண்பர் இல்லத்திற்குத் தோசை மாவு கொண்டு சென்றபோது தூக்குச் சட்டி சாய்ந்துவிட்டது. மேலே துடைத்தோம்; விரிப்புக்கு அடியில் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. மாவு தன் தருமத்தை விடுமா? உள்ளேயே பொங்கிப் புளித்தது. பால், மோர், தயிர்சாதம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். காரின் விரிப்புக்குக் கீழே பஞ்சு போன்ற தடித்த மெத்தை ஒன்று உண்டு. அது எதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு நறுமணம் தெளித்தாலும் பயனில்லை. இருக்கையைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, அந்த மெத்தையை வெளியே எடுத்து நீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். வாடை போயிற்று. வெந்நீர் ஊற்ற வேண்டாம். பாலும் மாவும் வெந்நீரில் இறுகி நூலிழைகளைப் பற்றிக்கொள்ளும்.

இருக்கையைக் கழற்றியபோது மற்றொரு செய்தியும் தெரிந்தது. இருக்கை நகரும் இரும்புத் தண்டவாளத்திலும் திருகாணிகளிலும் துரு இல்லை. வண்டல் மண் இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய கார்களைத் துடைத்து மெருகிட்டு விற்பவர்கள் உண்டு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மேலே உள்ள பளபளப்பைப் பாராமல், இருக்கைக்கடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பாதுகாப்புப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்து அதன் கடைசி முழத்தை முகர்ந்து பாருங்கள். அங்கே சேற்று வாடையும் கறையும் இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது வாடை மக்கல். குளிர்சாதனத்தைத் திறந்தவுடன் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற வீச்சம் எழும். ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடும். இது பெரும்பாலான கார்களில் உள்ளது. முன்பலகைக்குப் பின்னே குளிர்ந்த குழாய்களும் மெல்லிய தகடுகளும் கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் பட்டு, குளிர்ந்த செம்பின்மேல் வியர்ப்பதுபோல் நீர்த்துளியாகிறது. அந்த நீர் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கடியில் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில் குளிர்சாதனத்தை ஓட விட்டு இருபது நிமிடம் கழித்துக் கீழே குனிந்து பாருங்கள். தரை நனைந்திருந்தால் நலம். நனையவில்லையானால் குழாய் தூசியால் அடைத்திருக்கிறது. நீர் உள்ளேயே தேங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. எங்கள் காரில் அப்படித்தான் இருந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றியபோது அது வடிகட்டியாகவே இல்லை. உலர்ந்த இலைகளும் எலி கொண்டு சேர்த்த பஞ்சும் கூடிய ஒரு கூடாக இருந்தது. குழாயைச் சுத்தம் செய்து, புதிய வடிகட்டி போட்டோம். இறங்குவதற்கு நான்கைந்து நிமிடங்களுக்கு முன்பே குளிரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட விடும் வழக்கத்தையும் மேற்கொண்டோம். உள்ளே உலர்ந்துவிடுகிறது.

வேறு கார்களில் வேறு வாடைகள் வரும். அவற்றையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். இனிப்பான வாடை, வெல்லப்பாகு போல. அத்துடன் முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுத்த மங்கல் படிகிறது. முன்னிருக்கைக் காலடி ஈரமாயிருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் உள்ளே கசிகிறது என்று பொருள். அது எத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான நஞ்சு; குழந்தைகள் விரலால் தொட்டு வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேட்டில் ஏறும்போது காகிதம் கருகுவது போன்ற காரமான வாடை வந்தால் அது கிளட்ச். ஓட்டுகிறவர் காலை அதன்மேல் வைத்துக்கொண்டே செல்கிறார் என்று அறிந்து, வீட்டில் சண்டைக்கு இடமின்றி எடுத்துச் சொல்லுங்கள். எண்ணெய் கருகும் வாடை, கார் நின்றபின் மிகுதியாக வந்தால், எஞ்சின் எண்ணெய் சூடான புகைக்குழாயின்மேல் சொட்டுகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடையில் ஆராய்ச்சியே கூடாது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மின்கம்பி தீப்பிடிக்க நேரம் வேண்டுவதில்லை. பெட்ரோல் வாடையும் அவ்வாறே.

அழுகிய முட்டை வாடையைப் பற்றிச் சிறிது கூடுதலாகக் கூற வேண்டும். முற்காலத்தில் பெட்ரோலில் கந்தகம் மிகுதியாயிருந்ததால் இந்த வாடை புகையிலேயே வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று விதி வந்துவிட்டது. அதற்கு முந்தைய தரத்தில் 50 பங்கு வரை இருந்தது. ஆகவே இன்று இந்த வாடை வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அது அளவு மீறி மின்னேறிக் கொதித்துக்கொண்டிருக்கலாம். எரிவாயுவில் ஓடும் காராயின் வாயுக் கசிவை ஐயுற வேண்டும். எரிவாயுவுக்கு இயற்கையில் வாடை கிடையாது. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளியில் வாடையற்ற வாயு கசிந்து வெடித்து, குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே வாயுவில் நாற்றப் பொருளைக் கலப்பது அங்கே சட்டமாயிற்று. நம் சமையலறைச் சிலிண்டரில் வரும் அந்த நாற்றமும் அவ்வாறு கலந்ததே. நாற்றம் ஒரு காவற்காரன் என்பதை அந்தக் குழந்தைகளின் உயிரைக் கொடுத்து உலகம் கற்றது.

இப்போது மூன்றாவது வாடைக்கு வருகிறோம். இதுதான் எங்களை இந்த மேடைக்கு அழைத்து வந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் குளிர் தொடங்கியது. ஜான்சிக் குளிரை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வராதபடி பொத்தானை அழுத்திவிட்டு, கதகதப்பாகச் சென்று வருவோம். எங்கள் அன்னையார் பின்னிருக்கையில் அமர்வார். பக்கத்தில் இளைய பெண். ஒருநாள் ஓர்ச்சா ராமராஜா கோயிலுக்குச் சென்று திரும்பியதும் அன்னையார், "தலை கனக்கிறதப்பா. காரிலே ஏதோ வாடை" என்றார். வயதாகிவிட்டது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கூறி, கஷாயம் கொடுத்தோம். அடுத்த வாரமும் அவ்வாறே. அதற்கடுத்த வாரம் தாதியாவுக்குச் சென்றபோது இளைய பெண் வாந்தியெடுத்தாள். காரில் சில குழந்தைகளுக்கு அது இயல்பு என்று அதையும் ஒதுக்கினோம். முன்னிருக்கையில் இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கைப் பற்றிப் பெருமை பேசும் பார்சல் குமாஸ்தாவுக்கு ஒன்றும் தெரியவில்லை!

அன்னையார் விடவில்லை. ஒருநாள் காரை விட்டு இறங்கியதும் வாசற்படியில் அமர்ந்துவிட்டார். "நான் உளறவில்லை. இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், குளிருக்காக அங்கீட்டியை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோமே, நினைவிருக்கிறதா? அன்றைக்குத் தலை எப்படிக் கனத்ததோ அப்படியே கனக்கிறது. இது கரிப்புகைக் கனம்" என்றார்.

எங்களுக்கு உடல் சில்லிட்டது. அங்கீட்டி என்னும் அந்தக் கரியடுப்பை மூடிய அறையில் வைத்துறங்கியவர்கள் காலையில் எழாத செய்தியை இந்தப் பக்கத்துப் பத்திரிகைகளில் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். அதற்குக் காரணமான கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு காரின் புகையிலும் உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் இடத்தில் இது 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொண்டு இறங்க மறுக்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு உறக்கம். அந்த உறக்கத்தில்தான் ஆபத்து. அன்னையார் முகர்ந்தது அந்த வாயுவை அன்று. அதனோடு கூட வந்த புகையின் கமறலை. கூடவந்த ஒருவனைக் கண்டு கள்வனைப் பிடித்தது போலாயிற்று.

ஆபீஸ் வழக்கப்படி ஒரு நோட்டைப் போட்டோம். எந்த நாள், எவ்வளவு தொலைவு, எந்தக் கண்ணாடி திறந்திருந்தது, யார் எங்கே அமர்ந்தார், யாருக்கு என்ன செய்தது என்று முந்தைய பயணங்களையெல்லாம் நினைவிலிருந்து எழுதினோம். எழுதி முடித்ததும் வரிகள் தாமே பேசின. துன்பம் பின்னிருக்கையாருக்கு மட்டுமே. ஓட்டுகிறவர் தம் பக்கக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்திருந்த நாட்களில் அது மிகுந்திருக்கிறது. காரை விட்டு இறங்கி இரண்டொரு மணியில் தெளிகிறது. நோய் உடம்பில் இருந்தால் இறங்கியதும் ஏன் தெளிய வேண்டும்? இதை முன்பே எழுதியிருக்கலாம். தாய் சொல்லை வயதின் கணக்கில் எழுதிவிட்டோம்.

அண்டை வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர், ஹிந்துஸ்தானிப் பெரியவர், விவரத்தைக் கேட்டதும் சாவியை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். "பாபுஜி, மாதாஜி இதில் ஏறக்கூடாது" என்றார். அன்றிரவே சோதனை. எஞ்சின் அணைந்திருக்க, பின்கதவை மூடிவிட்டு எங்களை உள்ளே இருளில் அமரச் செய்து, அவர் வெளியே டார்ச் விளக்குடன் சுற்றி வந்தார். பின்கதவின் ஒரு மூலையில் ஒளி கீற்றாக உள்ளே விழுந்தது. காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தார். மற்ற இடங்களில் பிடித்துக்கொண்டது, அந்த மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் அங்கே நசுங்கியிருந்தது. பொருள் வைக்கும் தரையின் விரிப்பைத் தூக்கினால் ரப்பர் மூடியில்லாத ஒரு துளை. முன்னொரு காலத்தில் பின்புறம் மோதிச் செப்பனிட்ட கார் என்பது அப்போதுதான் தெரிந்தது, விற்றவர் கூறவில்லை. மறுநாள் திறந்த வெளியில் எஞ்சினை ஓட விட்டு, கனத்த கையுறையுடன் ஈரத் துணியால் புகைக்குழாயின் வாயைச் சில கணம் அழுத்தினார். நடுவே ஓர் இணைப்பில் பாம்பு சீறுவது போன்ற ஒலி. துருவேறி அரித்த இடம் அது.

ஓடும் காருக்குப் பின்னே காற்றழுத்தம் குறைவு. அங்கே புகை சுழன்றுகொண்டே வரும். முன்கண்ணாடியைச் சிறிது திறந்தால் அது உள்ளேயுள்ள காற்றை வெளியே இழுக்கும். அந்த இடத்தை நிரப்பப் பின்னேயுள்ள துளை வழியாகப் புகை புகும். காற்றோட்டத்திற்காகத் திறந்த கண்ணாடியே எங்கள் அன்னையாருக்குப் பகையாயிற்று. வெளிக்காற்றை உள்ளே தள்ளும் பொத்தானை அழுத்தியிருந்தால் ஓரளவேனும் தடுத்திருக்கும். குளிருக்கு அஞ்சி அதையும் மூடியிருந்தோம். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் எங்களிடம் முறையாக இருந்தது. அது குழாயின் வாயில் வரும் புகையை அளப்பது. நடுவழியில் ஒழுகுவதை அது அறியாது.

குழாயின் அந்தப் பகுதியை மாற்றி, கதவு ரப்பரைப் புதிதாக்கி, துளையை அடைத்தோம். பட்டறையில் எலுமிச்சைப் புட்டிக்குக் கொடுத்த தொகையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பேட்டரியில் இயங்கும் சிறு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கிப் பின்னிருக்கை அருகில் பொருத்தினோம். அந்த வாயு சேர்ந்தால் கூவும். பழைய கார் வைத்திருப்போர் இதை வாங்குவது நலம். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடாதீர்கள். குளிருக்காகவோ வெயிலுக்காகவோ நிறுத்திய காருக்குள் எஞ்சின் ஓட உறங்காதீர்கள். காரில் பலருக்கு ஒருசேரத் தலைவலி வந்தால் மாத்திரையைத் தேடாமல் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். மயக்கம் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனை.

அன்னையாருக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. காரில் முன்னிருக்கை அவருக்கே. முதலில் கதவைத் திறப்பவரும் அவரே. திறந்து ஒரு மூச்சு இழுத்து, "சரி, ஏறுங்கள்" என்ற பின்னரே நாங்கள் ஏறுகிறோம். இதோ, மூன்றாவது வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். சற்று நேரமாக எங்களை நோக்கிக் கையசைத்துக்கொண்டிருக்கிறார். உரை நீண்டுவிட்டது என்கிறார் என்று எண்ணினோம், அன்று. உணவுப் பந்தலில் சாம்பார் அடிப்பிடிக்கிறதாம். காரியதரிசி அவர்கள் உடனே கவனிக்க வேண்டுகிறோம்.